வளையலை வைத்துப் பாருங்கள்: டாக்குமென்ட் கேமராவோடு நான் பட்ட பாடு

மதுரை காளவாசலில் பஸ் ஏறி, செக்கானூரணி தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில், உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். போன கல்வியாண்டில் என் சொந்தக் காசில் ஒரு டாக்குமென்ட் கேமரா, அதாவது மேசையில் இருக்கும் தாளை மேலிருந்து பிடித்துச் சுவரில் காட்ட உதவும் கேமரா வாங்கி, அது ஒழுங்காக வேலை செய்வதற்குள் காலாண்டுத் தேர்வு முடிந்து, அரையாண்டு முடிந்து, பொங்கலும் வந்துவிட்டது. வீணாகப் போன பணம் மட்டும் 5,979 ரூபாய். கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் இதை வைத்துப் பாடம் நடத்திய ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை இன்னொரு டீச்சரும் அதே மாதிரி தட்டுத்தடுமாறிக் கற்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எதற்கு இந்தக் கேமரா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வடிவியல் வரைவதற்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேற வைக்கிற 16 மதிப்பெண் அது. சூத்திரம் மறந்து போகும், ஆனால் கை பழகிவிட்டால் மறக்காது. அதனால் எல்லாப் பள்ளியிலும் வடிவியலைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. கரும்பலகையில் நான் மரக் காம்பஸை வைத்து வரைகிறேன். சாக்பீஸ் செருகிய, முழங்கை நீளக் காம்பஸ். பிள்ளைகளிடம் இருப்பது ஜாமெட்ரி பாக்ஸில் வரும் சின்னக் காம்பஸ். அதை எந்த விரலில் பிடிப்பது, ஊசியை எவ்வளவு அழுத்துவது, சுற்றும்போது எந்தப் பக்கம் சாய்ப்பது, இதையெல்லாம் கரும்பலகையில் காட்டவே முடியாது. 46 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் கையைப் பிடித்துக் காட்டினால் ஒரு கணக்குக்கே மூன்று பீரியட் ஓடிவிடும். என் கையை, என் தாளை, என் காம்பஸை மேலிருந்து கேமரா பார்த்து, அதைச் சுவரில் பெரிதாகக் காட்டினால் போதுமே என்று தோன்றியது. நாங்கள் பி.எட். படித்த காலத்தில் ஓ.எச்.பி. என்று ஒன்று இருந்தது, கண்ணாடித் தாளில் எழுதிச் சுவரில் காட்டுவோம். அதன் அடுத்த தலைமுறை என்றுதான் இதை நினைத்துக்கொண்டேன்.

ஹெச்.எம். அம்மாவிடம் சொன்னேன். "ப்ரொஜெக்டர் சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கம்மா. ஆனா வாங்குறதுக்கு ஃபண்டு இல்ல, சொந்தக் காசப் போட்டு மாட்டிக்காத" என்றார். நான் கேட்கவில்லை. செப்டம்பர் கடைசியில் ஓர் இணையக் கடையில் 7,499 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். 13 மெகாபிக்சல், தானாக ஃபோகஸ் செய்யும், சுற்றிலும் எல்.இ.டி. விளக்கு என்று போட்டிருந்தார்கள். பெட்டி வந்த நேரம் காலாண்டு விடுமுறை. பிள்ளைகள் முன்னால்தான் திறக்க வேண்டும் என்ற ஆசையில் பீரோ மேல் வைத்துவிட்டேன். பள்ளி திறந்து பெட்டியைப் பிரித்தபோது, திருப்பி அனுப்புவதற்கான 7 நாள் முடிந்திருந்தது. முதல் தப்பு இதுதான், ரொம்பச் சாதாரணமான தப்பு. வந்த அன்றைக்கே வீட்டு மேசையில் வைத்து ஒரு முழுக் கணக்கை வரைந்து பார்த்திருந்தால் அதன் குறை எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும், பணமும் திரும்பியிருக்கும்.

முதல் வகுப்பு நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. பிள்ளைகள் அவ்வளவு ஆவலாக முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சுவரில் படம் வெளிறிப்போய் இருந்தது. நான் கோடு போடுகிறேன், கோட்டைக் காணவில்லை. கை உள்ளே போனதும் கேமரா கையின் மேல் ஃபோகஸ் செய்தது, கையை எடுத்ததும் தாளைத் தேடியது. தெளிவது, மங்குவது, மறுபடி தெளிவது என்று படம் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்குக் கறுப்புப் பட்டை பட்டையாக ஏதோ கீழிருந்து மேலே ஓடியது. பத்து நிமிடத்தில் பின் பெஞ்சில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நான் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தேன். சாயங்காலம் நாகமலை புதுக்கோட்டை வருவதற்குள் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிட்டேன். பணம் போனதைவிட, பிள்ளைகள் எதிர்பார்த்து ஏமாந்த முகம்தான் வலித்தது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு. 13 மெகாபிக்சல் என்றால் 1 கோடியே 30 லட்சம் புள்ளிகள். எங்கள் பள்ளி ப்ரொஜெக்டர் பழையது, அது காட்டுவது 1024க்கு 768. பெருக்கினால் 7,86,432 புள்ளிகள். கேமரா எத்தனை கோடிப் புள்ளியைப் பிடித்தாலும் சுவருக்குப் போவது 8 லட்சத்துக்கும் குறைவுதான். இன்னும் பாருங்கள். ஏ4 தாளைக் குறுக்காக வைத்தால் அகலம் 297 மில்லிமீட்டர். 1024ஐ அதால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரைப் புள்ளிகூட இல்லை. கூர்மையான பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் கனம். ஆக ஒரு கோட்டுக்கு ஒன்றிரண்டு புள்ளி, அதுவும் வெளிறிய சாம்பல் நிறத்தில். கடைசி பெஞ்சுக்கு எப்படித் தெரியும்? கேமராவைக் கீழே இறக்கி 15 சென்டிமீட்டர் அகலம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தால் அதே கோட்டுக்கு இரண்டு மடங்கு புள்ளி கிடைக்கும். அதனால் இப்போது ஏ4 முழுவதையும் நான் காட்டுவதே இல்லை. பாதித் தாளில் வரைகிறேன். சாதாரணக் கோட்டுக்குக் கறுப்பு ஜெல் பேனா, காம்பஸுக்கு 2பி பென்சில் துண்டு. மெகாபிக்சலைப் பார்த்துக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். உங்கள் ப்ரொஜெக்டரோ டிவியோ எத்தனை புள்ளி காட்டும் என்பதை முதலில் பாருங்கள்.

ஃபோகஸ் விஷயத்துக்கு வழியே இல்லை. அந்தக் கேமராவில் ஃபோகஸைப் பூட்டி வைக்கிற பொத்தானே கிடையாது. சாஃப்ட்வேரில் முடியும் என்று ஒரு கம்ப்யூட்டர் கடைத் தம்பி 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏதேதோ போட்டுக் கொடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. பட்டை ஓடியதற்குக் காரணம் மட்டும் தேடிப் பிடித்தேன். நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 முறை சுற்றுகிற கரண்ட். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் அதனால் நொடிக்கு 100 முறை மினுக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. கேமரா 60க்கு என்று அமைத்து வந்திருந்தால் அந்த மினுக்கல் பட்டையாக விழும். ஓ.பி.எஸ். என்ற இலவச சாஃப்ட்வேரில் கேமராவைச் சேர்த்து, வீடியோ அமைப்பில் பவர்லைன் ஃப்ரீக்வன்சி என்று இருப்பதை 50க்கு மாற்றினேன், பட்டை போய்விட்டது. இரண்டு வாரம் தலையை உடைத்துக்கொண்ட விஷயம், இரண்டு நிமிட வேலை.

அடுத்ததுதான் கணக்கு டீச்சர் எல்லாரும் கவனிக்க வேண்டியது. மற்ற பாடக்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஒருநாள் வெளிச்சத்தை எல்லாம் சமாளித்து ஒரு வட்டம் போட்டேன். முன் பெஞ்சுப் பையன் எழுந்து, "டீச்சர், வட்டம் முட்டையா இருக்கு" என்றான். நிமிர்ந்து பார்த்தால் உண்மையாகவே முட்டைதான், செங்குத்தாக நிற்க வைத்த முட்டை. என் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றிக் கேமராவுக்கு அடியில் வைத்தேன். பையனிடம் டேப்பைக் கொடுத்துச் சுவரில் அளக்கச் சொன்னேன். உயரம் 60 சென்டிமீட்டர், அகலம் 45. செங்கோணம், சமபக்கம் என்று சொல்லிக்கொடுக்கிற பாடத்தில் வட்டமே வட்டமாக இல்லை என்றால் பிள்ளை எதை நம்பும்?

காரணம் இது. லேப்டாப் திரை 1366க்கு 768, அகலமானது. ப்ரொஜெக்டர் 1024க்கு 768, பழைய டிவி மாதிரி. படத்தை முழுத்திரைக்கும் நிரப்பு என்று ப்ரொஜெக்டரில் யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். 1366ஐ 1024க்குள் அமுக்கினால் முக்கால் பங்கு. 60க்கு 45 சரியாக முக்கால்தானே! லேப்டாப்பில் காட்சி அளவை 1024க்கு 768 என்று மாற்றி, கேமராவையும் 4க்கு 3 விகிதத்தில் வைத்தேன். வளையல் வட்டமானது. ஆனாலும் வரைபடத்தாளை வைத்துப் பார்த்தால் மேல் கட்டங்கள் பெரிதாக, கீழ்க் கட்டங்கள் சிறிதாக இருந்தன. ப்ரொஜெக்டரை பெஞ்சில் வைத்து முன்பக்கம் இரண்டு புத்தகம் முட்டுக் கொடுத்து அண்ணாந்து பார்க்க வைத்திருந்தோம். அண்ணாந்து பார்த்தால் மேலே விரியத்தான் செய்யும். கீஸ்டோன் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் ஓரளவு நேராகும். ஆனால் கோடு கொஞ்சம் மங்கும். முட்டுக் கொடுத்த புத்தகத்தை எடுத்துவிட்டு உயரமான மேசையில் மட்டமாக வைத்ததுதான் நல்ல தீர்வு. கடைசியாகக் கேமரா தலை. அது தாளுக்கு நேர் மேலே, நேர் கீழே பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சதுரம் சரிவகமாகிவிடும். இப்போதும் வகுப்பு ஆரம்பிக்கும் முன் வரைபடத்தாளை வைத்து நான்கு மூலைக் கட்டங்களையும் பார்ப்பேன், வளையலை வைத்து ஒருதரம் அளப்பேன். ஒரு நிமிடம்தான் ஆகும்.

இதற்கிடையில் கேபிளில் 380 ரூபாய் போனது. ப்ரொஜெக்டர் பக்கத்தில் லேப்டாப், வகுப்பின் முன்பக்கம் கேமரா என்று வைக்க 10 மீட்டர் யு.எஸ்.பி. கேபிள் வாங்கினேன். கேமரா வரும், அறுந்து போகும், வரும். சாதாரண யு.எஸ்.பி. கேபிள் 5 மீட்டருக்கு மேல் தாங்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது. லேப்டாப்பைக் கேமரா பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக ஓட வேண்டியது ப்ரொஜெக்டருக்குப் போகிற கேபிள்தான். அந்த நீளக் கேபிள் பள்ளியிலேயே சுருட்டிக் கிடந்தது.

அரையாண்டு விடுமுறையில் முடிவு எடுத்தேன். பழைய கேமராவை வீட்டில் ட்யூஷன் எடுக்கும் ஓர் அக்காவுக்கு, குறையைச் சொல்லியே, 2,500க்குக் கொடுத்தேன். லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். ஒரு கடையில் விஷயத்தைச் சொன்னதும், "உக்காருங்கம்மா, உங்க லேப்டாப்பிலேயே போட்டுப் பாருங்க" என்று நாற்காலி போட்டார் கடைக்காரர். ஜாமெட்ரி பாக்ஸையும் கொண்டு போயிருந்தேன். கடை மேசையிலேயே வட்டம் போட்டுப் பார்த்தேன். ஃபோகஸைப் பூட்ட முடிகிறதா, வெளிச்சத்தைப் பூட்ட முடிகிறதா, தலைகீழாகத் திருப்ப முடிகிறதா, மேசை ஆடினால் கழுத்து ஆடுகிறதா. இந்த நான்கையும் பார்த்து 9,200க்கு வாங்கினேன். மெகாபிக்சலில் இது முதல் கேமராவைவிடக் குறைவு. படத்தை அப்படியே நிறுத்தி வைக்கிற பொத்தானும் இதில் இருக்கிறது, நான் அடுத்த தாளை எடுத்து வைக்கும்போது பிள்ளைகள் பழைய படத்தைப் பார்த்து முடித்துக்கொள்வார்கள். வரும் வழியில் விளக்குத்தூண் பக்கம் இறங்கி ஜன்னலுக்குக் கறுப்புத் துணி 540 ரூபாய்க்கு எடுத்தேன். அது வீண் செலவு இல்லை. சுவரில் படம் தெரிந்ததில் பாதிப் புண்ணியம் அந்தத் துணிக்குத்தான்.

திருப்புவது பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து வரையும்போது கேமரா நிற்கிற பக்கத்தைப் பொறுத்துப் படம் தலைகீழாக வரலாம். அப்போது ரொட்டேட் என்பதை அழுத்த வேண்டும், மிரர் என்பதை இல்லை. மிரர் போட்டால் இடம் வலமாகிவிடும். நான் தெரியாமல் போட்டு, பி, க்யூ எல்லாம் திரும்பி நின்றது. கோணமானியை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று ஏற்கெனவே குழம்புகிற பிள்ளைகளுக்கு அது பெரிய குழப்பம்.

பொங்கல் முடிந்து திருப்புதல் தேர்வு நேரத்தில்தான் கேமரா கைக்கு அடங்கியது. மேசையில் பழைய செய்தித்தாளை நான்காக மடித்துப் போட்டு அதன் மேல் தாளை வைக்கிறேன். வெறும் மரத்திலோ கண்ணாடியிலோ ஊசி பதியாது, வழுக்கும். தாளைச் சுற்றிப் பழுப்பு அட்டை தெரிகிற மாதிரி வைக்கிறேன். வெள்ளை மட்டும் தெரிந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தையே கறுக்கடித்துவிடும். கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிடுகிறேன். பென்சில் கோடும் பிளாஸ்டிக் கோணமானியும் அந்த விளக்கில் பளபளத்துக் கண்ணைக் கூசும். பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் போதும்.

கரும்பலகையை விட்டுவிடாதீர்கள். உதவிப்படமும் படிகளும் பலகையில் எழுதுகிறேன், அது பீரியட் முழுக்க அங்கேயே இருக்கும். கேமராவில் வருவது கை மட்டும். எல்லாவற்றையும் கேமராவுக்கு மாற்றினால் முதல் படி என்ன என்று திரும்பிப் பார்க்கப் பிள்ளைக்கு இடம் இருக்காது. கரண்ட் போனாலும் பாடம் நிற்காது. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்தடை அறிவிக்கிற நாளில் வடிவியலை வைத்துக்கொள்ளவே மாட்டேன். இன்னொன்று, காசு போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் உங்கள் போனையே ஒரு ஸ்டாண்டில் மாட்டி மேலிருந்து காட்டிப் பாருங்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், நடுவில் போன் வராது. வெகுநேரம் ஓடினால் சூடாகும், சார்ஜ் இறங்கும், தினப்படிக்கு ஒத்துவராது. ஆனால் உங்கள் அறை, உங்கள் ப்ரொஜெக்டர், உங்கள் மேசை இதற்குத் தோதா என்பது காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். நான் அதைச் செய்திருந்தால் முட்டை வட்டத்தைக் கேமரா வாங்குவதற்கு முன்பே பார்த்திருப்பேன்.

இவ்வளவும் எதற்கு என்று யாராவது கேட்டால் பிப்ரவரியில் ஒரு நாள் நடந்ததைத்தான் சொல்வேன். 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு தொடுகோடு. நீளம் 7.4 வர வேண்டும். வருடா வருடம் சில பிள்ளைகளின் தாளில் நான் அளந்தால் 7.7 வரும். கை நடுக்கம், பென்சில் மழுங்கல் என்று நினைத்து மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். அன்றைக்கு அப்படி வந்த ஒரு பெண்ணைக் கேமரா முன்னால் உட்கார வைத்து, "நீ போடும்மா, நாங்க பாக்குறோம்" என்றேன். காம்பஸை அவள் சரியாகத்தான் விரித்தாள், ஊசி பூஜ்ஜியத்தின் மேல் நின்றது. வட்டம் சரி. அடுத்து 8 செ.மீ. கோடு போட ஸ்கேலை வைத்தாள். சுவரில் அந்த ஸ்கேல் ஓர் ஆள் நீளத்துக்குத் தெரிந்தது. மையப்புள்ளி ஸ்கேலின் விளிம்பில் இருந்தது. பூஜ்ஜியக் கோடு அதற்கு 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது.

வகுப்பு ஒரு நொடி அமைதியாக இருந்தது. அப்புறம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை, "ஸ்கேலு அங்க ஆரம்பிக்கல டீச்சர், கோட்டுலதான் ஆரம்பிக்குது" என்றாள். எல்லாரும் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து அவரவர் ஸ்கேலின் ஓரத்தைப் பார்த்தார்கள். சிலது விளிம்பிலேயே தொடங்கியது, பலது உள்ளே தள்ளித் தொடங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கோட்டை அழித்து, ஸ்கேலை 3 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தி வைத்தாள். மறுபடி மையக்குத்துக்கோடு, மறுபடி இரண்டாவது வட்டம். கடைசியில் அவளே அளந்து சத்தமாகப் படித்தாள். 7.4.